மாயாவியும் சதுர அடியும்

ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றுக்கு முன்னால் இரும்புக்கை மாயாவியைப் படித்துவிடுவது நல்லது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

புரோக்கர் சொல்லும் 1,200 சதுர அடியும் அதே ரகம். உள்ளே போய் டேப் பிடித்தால் 850 தேறினாலே பெரிய விஷயம். மிச்சம் எங்கே என்றால், “லிஃப்ட், மாடிப்படி, வாட்ச்மேன் ரூம், எல்லாத்துலயும் உங்க பங்கு இருக்கு சார்!” லிஃப்டில் நம் பங்குக்குக் கட்டில் போட முடியுமா? மாயாவியாவது கரண்ட் இறங்கியதும் திரும்பி வருவார். மறைந்த அடிகள் வருவதில்லை; அவற்றுக்கான மாதத் தவணை மட்டும் தவறாமல் வரும்.

வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். சொல்கிறார்கள், ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

நாற்பதைத் தாண்டி மறுபடி காமிக்ஸ் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். கெட்டி அட்டை மறுபதிப்புகளை அடுக்க அலமாரி வேண்டும். மாடல் ஃபிளாட்டில் பார்த்த அந்தத் தேக்கு அலமாரி? “அது ஷோவுக்கு சார்.”

பூஜையறை எந்த மூலை என்று கேட்பதற்கு முன், கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.