காதர்பேட்டையில் சாமி படம்

எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடையில் வெள்ளைச் சரக்கு மட்டும்தான். கை வைத்தது, கை இல்லாதது, ஜட்டி. கடைக்குள் நிறம் என்று இருந்தது சுவரில் தொங்கிய காலண்டர் ஒன்றுதான்: மயில்மேல் முருகன், இருபுறமும் வள்ளி, தெய்வானை. ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, அந்தப் படத்துக்கு ஊதுபத்தி காட்டும்வரை கடையில் பேச்சே இருக்காது. "மொதல்ல சாமியக் கும்புடுங்கடா, அப்புறமா கட்டைப் பிரிக்கலாம்" என்பார் முதலாளி. வருடம் முடிந்தாலும் காலண்டரைக் குப்பையில் போடமாட்டார்கள். தேதித்தாள் தீர்ந்ததும் படத்தை மட்டும் வெட்டியெடுத்து யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுவிடுவார்கள்.

அந்த மாதிரிப் படங்களுக்கு வழி போட்டவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் இருந்துவிட்டு, பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிப்போனார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டின் அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்தன. 'நான் யார்' என்று தனக்குள் கேட்கச் சொன்ன ரமணரின் அருகில் இருந்துவிட்டு வந்த கை, பனியன் கடைச் சுவருக்கும் சாமி வரைந்து கொடுத்தது. இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இன்று காதர்பேட்டைக்குள் நுழைந்தால் நிறத்துக்குப் பஞ்சமில்லை. ஏற்றுமதி போக மிஞ்சிய டீ-சர்ட்டுகள் கடைக்குக் கடை குவிந்து கிடக்கின்றன. தியானத்தில் அமர்ந்த புத்தர், தாமரை, ஓம், ஏழு சக்கரம், தூக்கிய திருவடியோடு நடராசர். வெளிநாட்டில் மன அமைதி தேடுகிறவர்கள் அணிவதற்காக அச்சிட்டவை. "அண்ணா, இந்த புத்தர் எக்ஸெல்ல இருக்குமுங்களா?" என்று ஒரு பையன் கேட்கிறான். கடைக்காரர் நடராசரை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து புத்தரை உருவுகிறார்.

பழைய காலண்டரும் அச்சடித்ததுதான், ஆயிரக்கணக்கில் வந்ததுதான். அதனால் அச்சின்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தாளுக்குமுன் தினமும் ஒரு கை ஊதுபத்தியோடு நின்றது. நிற்கும் அந்தச் சில நொடிகளில் நேற்றைய கடன், இன்றைய சரக்கு எல்லாம் கொஞ்சம் விலகி நிற்கும். படம் புனிதமானது அப்படித்தான். டீ-சர்ட் புத்தருக்குமுன் நிற்க யாருக்கும் பொழுதில்லை.

அவரை அச்சிடுகிறவருக்கும் இல்லை. வெட்டிய துணியை நீள மேசையில் ஒட்டி, நிறத்துக்கு ஒரு சட்டமாக வைத்து மையை இழுக்கிறார்கள். சட்டம் ஒரு நூல் நகர்ந்தால் புத்தரின் கண் கன்னத்துக்கு வந்துவிடும். ஆகவே அந்தத் தொழிலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுக்கவனத்தோடுதான் இழுக்கிறார். அவிநாசி போகும் வழியில் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களிலும் இதே கவனத்தைப் பார்க்கலாம். தெய்வத்தின் தியான சுலோகத்தை மனத்தில் ஓட்டி, உருவம் உள்ளே தெளிந்த பிறகே கல்லில் உளி வைக்க வேண்டும் என்பது சிற்ப மரபு. கண்ணைத் திறப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். சிற்பி தன் சாமியோடு பல நாள் இருக்கிறார். அச்சுத் தொழிலாளி ஒரு ஷிப்டில் எத்தனையோ புத்தர்களைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. இருவரிடமும் கவனம் ஒன்றுதான். அது உள்ளுக்குள் ஊறுவதற்கான அவகாசம்தான் ஒருவருக்கு வாய்த்து, இன்னொருவருக்கு வாய்க்காமல் போகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தக் காலமே பொற்காலம் என்று முடித்தால் பொய்யாகிவிடும். என் இளமையில் கொங்கு ஊர்களில் வள்ளி கும்மி ஆண்களின் ஆட்டம். தினைப்புனம் காத்த வள்ளியைத் தேடி முருகன் வந்த கதையை ஆண்களே பாடி, ஆண்களே ஆடினார்கள். வள்ளியின் கதை, ஆனால் பெண்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த ஆசிரியர் பத்ரப்பன் அந்த வழக்கத்தை உடைத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று எங்கள் வட்டாரத்துக் கோயில் திடல்களில் ஒரே நிறச் சேலை கட்டி நூற்றுக்கணக்கில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

ஆசிரியர் ஓர் அடி பாட, வட்டம் அதைத் திருப்பிப் பாடும். காலடி மெல்லத் தொடங்கி, வேகம் கூடிக்கூடி, ஒரு கட்டத்தில் தனியாக எண்ணிப் பார்த்து ஆட முடியாது. பக்கத்தில் ஆடுகிறவரின் கால் எங்கே போகிறதோ அங்கே நம் காலும் போகும். 'நான்' என்கிற பாரம் அப்போது கொஞ்சநேரம் இறங்கிவிடுகிறது. ஆசிரமத்தில் உட்கார்ந்து தேடுவதை இவர்கள் புழுதியில் ஆடிப் பிடிக்கிறார்கள். சாமியின் உருவம் சந்தையில் மலிந்துபோன இதே காலத்தில்தான் சாமிக்குமுன் ஆடும் உரிமை விரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் இந்தக் காலத்தைக் கணக்கிடுகிறேன்.

ஆனால் வட்டம் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. சில கும்மி மேடைகளில் சாதிப் பெருமையும் கூடவே ஏறுகிறது. அது இறங்கினால்தான் 'நான்' இறங்கியதற்குப் பொருள் உண்டு. கம்பெனி விடுதிகளில் தங்கி ஓவர்லாக்கும் செக்கிங்கும் பார்க்கிற வெளியூர், வெளிமாநிலப் பெண்கள் அந்தத் திடல் பக்கமே வரமுடிவதில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு கும்மிக்கு எப்படி வரும்? கலை மனத்தைத் தெளிய வைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இந்த ஊரின் வேலை நேரத்தைப் பற்றிப் பேசவேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது ஓவர்டைம் இல்லாமல் விடுங்கள். கும்மி ஆசிரியர் ஒருவரை விடுதி வாசலுக்கு அழைத்து வாருங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ பாட்டு எழுதிக்கொள்ளட்டும், அடவு ஒன்றுதானே.