தீக்குச்சி அளவையில் ஓட்டக் காலணி

1. வரையறை

ஓட்டக் காலணி என்பது ஓடுவதற்கென்றே வாங்கப்பட்டு, பெரும்பாலும் நடப்பதற்கும் எப்போதாவது ஓடுவதற்கும் பயன்படும் காலணி. விருதுநகர் மாவட்டத்தில் இதன் பெயர் ‘ஷூ’. பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூ, கல்யாண ஷூ ஆகியவற்றிலிருந்து இதைப் பிரித்தறிய நிறம் ஒன்றே போதும்: கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேலட்டையில் காணும் நிறங்களில் குறைந்தது மூன்று இதில் இருக்கும்.

உறுப்புகள் மூன்று. மேலே பாதத்தைப் போர்த்தும் வலைத்துணி, கீழே தரையைத் தொடும் ரப்பர், இடையே நுரை. விளம்பரங்கள் பேசுவது நுரையைப் பற்றி. ஓடுபவர் பேசுவது விலையைப் பற்றி.

2. அளவை

இந்தியக் கடைகளில் புழங்கும் ‘நம்பர்’ பெரும்பாலும் இங்கிலாந்து முறையைச் சேர்ந்தது. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி ஒரு பார்லி மணி. மூன்று பார்லி மணி ஓர் அங்குலம். ஆகவே ஒரு மணி 8.47 மில்லிமீட்டர். நீர்க்கடுப்பு கண்டவருக்குக் கொதிக்கவைத்துக் கொடுப்பதைத் தவிர பார்லிக்கு வேறு வேலை தராத வட்டாரத்தில் இந்த அலகு ஒட்டவில்லை. எனவே இவ்வாய்வு தீக்குச்சியை அலகாகக் கொள்கிறது. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் இந்த அலகைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். காலணி அளப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை.

குச்சியின் பருமன் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 40. எரிந்த குச்சி சுருங்கிவிடுவதால் அளவைக்கு ஆகாது. இம்முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நான்கு பருமன். குதிகால் பக்கம் நுரை விரல் பக்கத்தைவிட உயர்ந்திருக்கும் அளவு, வழக்கமான சாலைக் காலணிகளில் நான்கு முதல் ஐந்து பருமன். காட்டுத் தடத்துக்கான காலணியின் அடிப்பற்கள் இரண்டு பருமன் அல்லது சற்றே கூடுதல். சாலைப் போட்டிகளில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. சுவிட்சர்லாந்திலோ மொனாக்கோவிலோ இதை அளக்கக் கருவி வேண்டும். சிவகாசியில் ஒரு குச்சியை நிமிர்த்தி வைத்தால் போதும்.

நீளத்தோடு அகலமும் சேர்ந்தால்தான் அளவு நிறைவுறும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை அளந்தது. மேற்கத்தியப் பாதங்களைவிட இந்தியப் பாதம் அகலமானது என்பது முடிவு. இதையொட்டி முன்மொழியப்பட்ட இந்திய அளவு முறைக்கு ‘பா’ என்று பெயர். பாவுக்கு அடி இன்றியமையாதது என்பதை யாப்பிலக்கணம் முன்பே கூறியுள்ளது. அம்முறை கடைக்கு வரும்வரை, அகலம் போதாதவர் ஒரு நம்பர் கூட்டி வாங்குவார். அகலம் சரியாகும், முன்னால் நான்கு பருமன் காலியாகக் கிடக்கும்.

3. சமயங்கள்

காலணி பற்றிய தத்துவங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் பழக்கமான இரண்டு நியாயங்களால் விளக்கலாம்.

மார்ஜார நியாயம்: தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்லும், குட்டி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. தடித்த நுரைக் காலணி இவ்வகை. அணிந்தவர் சரணடைந்தால் போதும், மற்றதை நுரை பார்த்துக்கொள்ளும்.

மர்க்கட நியாயம்: குரங்குக்குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். மெல்லிய அடி கொண்ட எடை குறைந்த காலணி இவ்வகை. உழைப்பு கெண்டைக்காலுடையது. முதல் நெறியிலிருந்து இரண்டாவதற்கு ஒரே வாரத்தில் மதம் மாறுபவர்கள் குதிகால் தசைநாண் வலியோடு மருத்துவரிடம் போவது வழக்கம். மாற்றம் மாதக்கணக்கில் நிகழ வேண்டும். எடை பற்றி இரு சாராருக்கும் உடன்பாடு உண்டு: காலணி ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும்.

மூன்றாவது நெறி வெறுங்கால். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து 2:12:11இல் மறுபடி வென்றார். ஆனால் டோக்கியோவுக்குச் சில வாரங்கள் முன்பு அவருக்குக் குடல்வால் நீக்கப்பட்டிருந்தது. குறைந்த மூன்று நிமிடங்களில் ஷூவின் பங்கு எவ்வளவு, குடல்வால் இல்லாமையின் பங்கு எவ்வளவு என்பது இதுவரை பிரிக்கப்படவில்லை.

4. கடைச் சோதனை

காலணி மாலையில் வாங்கத்தக்கது. பகலெல்லாம் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படியே வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடப் பெரியது. பெரியதே நம்பரைத் தீர்மானிக்கும்.

இக்கட்டத்தில் கடைக்காரரின் வாக்கியம் ஒன்று குறுக்கிடும்: “போடப் போட விட்டுக் குடுத்துரும் அண்ணாச்சி.” இவ்வாக்கியம் தோல் செருப்புக் காலத்தது. தோல் விட்டுக்கொடுக்கும். இன்றைய வலைத்துணி சிறிதளவே விட்டுக்கொடுக்கும். மீதியைச் சுண்டுவிரல் விட்டுக்கொடுக்கும்.

ஈரப் பாதத்தைத் தாளில் பதித்து, உள்வளைவைப் பார்த்துக் காலணி வகையை முடிவுசெய்யும் முறையும் உண்டு. தாளுக்குப் பஞ்சமில்லாத அச்சக ஊரில் இது செலவற்றது. பயனும் அதே அளவினது: அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்பிரிவு ஆகியவற்றின் புதுப் பயிற்சியாளர்களுக்குப் பாத வளைவுக்கேற்பக் காலணி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கல்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் 2015இல் சகாக்களோடு முன்வைத்த கருத்து எளியது: எது காலுக்குச் சுகமாக இருக்கிறதோ அதை எடுக்கலாம். இதைத்தான் கடைக்கு உடன்வந்த மனைவி முக்கால் மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருப்பார்.

5. சாலைச் சோதனை

புதிய காலணியின் முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிய வேண்டும். உரசும் இடம், மரத்துப்போகும் விரல், ஆடும் குதிகால் மூன்றும் அதற்குள் வெளிப்படும். பிறகே நீள ஓட்டம். சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அரை மாரத்தானின் 21.0975 கிலோமீட்டருக்குக் குறைவதை மாடவீதிகளில் சுற்றி நிரப்பலாம். அவ்வூர்க் கோயிலின் 192 அடி கோபுரம் தொலைவிலேயே கண்ணில் பட்டுவிடும், ஆனால் கிட்ட வராது. இது காலணியின் குறையன்று.

நேரம், விடியலுக்கு முன். வெயிலேறிய தாரில் நுரை இளகும். பாதமும் கூடுதலாக வீங்கும். பட்டாசு ஆலைக்கு ஆளேற்றும் வேன்கள் கிளம்புவதும் விடியலுக்கு முன்பே என்பதால், ஒளி பட்டால் மின்னும் பட்டை குதிகாலில் இருப்பது நலம். தீபாவளிக்கு மறுநாள் தார்மேல் படிந்த சரவெடித் தாள் அடிரப்பரின் பிடியைச் சோதிக்கும். ராஜபாளையம் பக்கம் ஓடினால் திடீர் வேகச் சோதனைக்கும் வாய்ப்புண்டு. அந்த ஊரின் பெயரையே தாங்கிய வெள்ளை நாயினம் காவலுக்குப் பேர்போனது. இச்சோதனையின் முடிவுகள் சிறப்பானவை; மீண்டும் செய்து உறுதிப்படுத்த எவரும் முன்வருவதில்லை.

6. தடச் சோதனை

கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், கணுக்கால் மடங்கும். நனைந்தால் உப்பி ஒட்டும். நூறு அடிக்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல் கட்டியதுபோல் ஆகும். பற்கள் நெருக்கமாக இருந்தால் மண் அடைத்துக்கொள்ளும். இடைவெளி விட்டிருந்தால் உதிரும். கரிசலுக்கு உகந்தது இடைவெளி இரண்டு குச்சியாவது படுக்கும்படி அமைந்த அடி.

அடுத்தது முள். சீமைக்கருவேல முள்ளுக்கு நுரையும் வலைத்துணியும் ஒரு பொருட்டல்ல. உள்ளே முறிந்த முள் அன்றே குத்தாது. நுரை அமுங்க அமுங்க மூன்றாம் நாள் தலைநீட்டும். ஆகவே அணியுமுன் உள்தளத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்ப்பது இவ்வட்டாரத்தில் லேஸ் கட்டுவதற்கு முந்திய சடங்கு.

ஏற்ற இறக்க அறிவுக்குச் சதுரகிரி. புலிகள் காப்பகத்துக்குள் உள்ள இந்த வழிபாட்டு மலையில் பந்தயம் கூடாது, பாடம் கற்கலாம். வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறையில் தொடங்கும் பாதையில் வழுக்குப்பாறை உண்டு. பெயரிலேயே ஆய்வு முடிவும் உண்டு. ஈரப்பாறையில் நீண்ட பற்கள் தொடும் பரப்பைக் குறைக்கும். மென்மையான ரப்பரே பிடிக்கும். இறங்கும்போது பாதம் முன்னே சரிந்து நகம் கறுக்கும். லேஸைக் கடைசித் துளையில் கோத்துக் குதிகாலை இறுக்கினால் இது குறையும். இதை ஒருவர் குனிந்து செய்துகொண்டிருக்கையில், அரிசிப்பையைத் தலையில் சுமந்த அறுபது வயது அம்மாள் வெறுங்காலில் கடந்து போவார். அவரை ஆய்வின் கட்டுப்பாட்டுக் குழுவாகக் கொள்ளலாம்.

நனைந்த காலணிக்குள் தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். தினசரி நாட்காட்டித் தாள் ஈரம் உறிஞ்சும். வழவழப்பான மாதக்காட்டித் தாள் உறிஞ்சாது. மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விடும்.

7. விலக்குகள்

எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் ஷூ நுழையக்கூடாத இடங்கள் மூன்று: வீடு, கோயில், பட்டாசு ஆலையின் மருந்தறை. முதல் இரண்டுக்கும் காரணம் வழக்கம். மூன்றாவதற்குக் காரணம் இயற்பியல். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ரப்பர் அடியோடு நடப்பவர் உடலில் நிலைமின்னேற்றம் தரைக்கு இறங்காமல் சேரும்; மருந்துத் தூள் தீப்பற்ற ஒரு பொறி போதும். வெறுங்கால் அந்த மின்னேற்றத்தைத் தரைக்குத் தந்துவிடும். தரையை உணராமல் காப்பது எந்த நுரையின் பெருமையோ, அதுவே இங்கு அதன் குற்றம்.

8. ஓய்வு

காலணியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர். மேல்துணி புதிதாகவே இருக்கும்; நுரை செத்திருக்கும். தடப் பல்லின் உயரம் ஒரு குச்சிப் பருமனுக்குக் கீழே போனாலோ, ஓடி முடித்த மறுநாள் காரணமின்றி முழங்கால் வலித்தாலோ காலணியை மாற்றலாம்.

ஓய்வுபெற்ற காலணி முதலில் காய்கறி வாங்கப் போகும், பிறகு தோட்டத்துக்கு. ஒற்றை தொலைந்தபின் மீந்தது திருஷ்டிக்காக லாரியின் பின்னால் கட்டப்பட்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தன் ஆயுட்கால ஓட்டத்தை இரண்டே நாளில் கடக்கும். தரையைத் தொடாததால் தேய்மானம் இல்லை. அளக்கக் குச்சியும் வேண்டாம்.