சாகாவரம் பெற்ற கணக்கு

பிளாக்செயினைக் குறை சொல்பவர்கள் அதன் அருமை தெரியாமல் பேசுகிறார்கள். ஒரு தடவை எழுதினால் யாராலும் அடிக்கவோ திருத்தவோ முடியாத பேரேடு உலகத்தில் வேறு எது? ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் கைரேகை. நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். போதாதென்று ஒரே ஏட்டுக்கு ஊரூராகப் பிரதிகள். கோவையில் மில்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இது வராமல் போனதே என்றுதான் எனக்கு ஆதங்கம். நம் கணக்குப்பிள்ளைகள் இரண்டாம் நம்பர் நோட்டைக்கூட அழியாமல், சாட்சியோடு காப்பாற்றியிருப்பார்கள்.

பேட்டரித் தொழிலுக்கு அது செய்த உபகாரமோ கொஞ்சநஞ்சமல்ல. பேட்டரிக்குள் போகும் உலோகமான கோபால்ட்டில், உலக அளவில் சுமார் 70 சதவீதம் காங்கோவில் கிடைக்கிறது. அங்கே குழந்தைகள் சுமந்த கோபால்ட்டும் நம் கைப்பேசிக்கு வருகிறது என்று 2016இல் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி எழுதிவிட்டது. பல பெரிய கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கத்தை மீட்டுத் தந்தது பிளாக்செயின். வால்வோ 2019இல் இதில் இறங்கி, 2024இல் இஎக்ஸ்90 காரின் பேட்டரிக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டது. ஓட்டுநர் கதவின் உள்பக்கம் இருக்கும் கியூஆர் கோடைக் கைப்பேசியில் காட்டினால் பூர்வீகம் தெரியும். செலவு காருக்குச் சுமார் 10 டாலர். நிம்மதி இவ்வளவு மலிவாக எங்கே கிடைக்கும்? தாதுமூட்டையில் முதல் சீட்டை ஒட்டுபவர் மட்டும் இன்னமும் ஒரு மனிதர்தான். அவர் எழுதியதை எழுதியபடி நம்பும் பெருந்தன்மை பிளாக்செயினுக்கு உண்டு. மறுகேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் அதற்கு இல்லை.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வண்டி பேட்டரிகளுக்கும், 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழிற்சாலை பேட்டரிகளுக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். சட்டத்தில் பிளாக்செயின் என்று எழுதவில்லை. விற்க வருகிறவர்கள்தான் அந்தக் குறையை நிவர்த்தி செய்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கிப் பாருங்கள், 1.8 கிலோவாட்-மணி. பெட்டியில் போட்டு ஐரோப்பாவுக்கே அனுப்பினாலும் பாஸ்போர்ட் தொல்லையில்லாமல் தப்பித்துவிடும். என்ன நுட்பமான சட்டம்!

2012 மின்வெட்டில் கொங்கு நாடே இருட்டில் கிடந்தபோது, வாங்க முடிந்தவர்களெல்லாம் வாங்கிப் போட்ட சாமான் இந்த இன்வெர்ட்டர் பேட்டரி. ஐம்பது கிலோவைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் ஈயம். நாலைந்து வருஷத்தில் ஆயுசு முடிந்ததும் அது வாங்கிய கடைக்கும் போகலாம், கோவை உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைக்கும் போகலாம். அங்கே விசாரித்தால் ஒளிவுமறைவில்லாத பதில் கிடைக்கும்: "ஆசிட்டோட ஒரு ரேட்டுங்க, கவுத்துட்டா ஒரு ரேட்டுங்க. பில்லு வேணும்னா அது வேறங்க." கவிழ்த்த ஆசிட் சாக்கடையில் நுரைத்துக்கொண்டு ஓடும். கோடாரியால் பெட்டியைப் பிளந்து, கறுத்த தகடுகளை வெறுங்கையால் உருவி, சாக்கில் கட்டுவார்கள். எந்தக் கொட்டகையில் எந்த அடுப்பில் அது உருகுகிறது என்பது சாக்கைத் தூக்குபவருக்குத் தெரியும். இத்தனை பெரிய பிளாக்செயின் இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம் இறங்கி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நொய்யல் ஆற்றுக்கே இத்தனை வருஷம் இறங்கி வராதவர்கள் உண்டு.

நம் அரசாங்கத்தையும் பாராட்டாமல் விட முடியாது. விற்றவரே பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001இலேயே விதி போட்டார்கள். அது பழசாகிவிட்டதால் 2022இல் புது விதி. இப்போது தயாரிப்பாளர், மறுசுழற்சி செய்தவரிடமிருந்து சான்றிதழ் வாங்கி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கணக்குக் காட்டினால் போதும். இதே ஏற்பாட்டில் பிளாஸ்டிக்குக்கு வழங்கிய சான்றிதழ்களில் 6 லட்சத்துக்கும் மேல் போலி என்று 2023இல் தெரிய வந்தது. வாரியம் ஆள் அனுப்பிப் பார்த்ததால் வந்த வினை. இனி அந்தச் சான்றிதழ்களை பிளாக்செயினில் ஏற்றிவிட வேண்டும் என்கிறார்கள். நல்ல யோசனை. அப்போதே ஏற்றியிருந்தால் 6 லட்சம் பொய்யும் ஓர் எழுத்துப் பிசகாமல் பேரன் காலம் வரை இருந்திருக்கும்.

அழியாமையில் பிளாக்செயினுக்கு ஒரே ஒரு போட்டி உண்டு, அது ஈயம். உடம்புக்குள் போனால் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கவலைப்படும் அளவில் இருக்கிறது என்று 2020இல் யுனிசெஃப் சொன்னது. தாறுமாறான பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் காட்டியது. இந்தக் கணக்கைப் படிக்க கியூஆர் கோடு உதவாது. ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். ஈயம் உருக்கும் கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் யார் எடுக்கிறார்கள்?

அதற்கு ஒரு நர்ஸ் வேண்டும். கடைக்கு ஓர் இன்ஸ்பெக்டர், பில்லோடு கொடுப்பவருக்கு இரண்டு ரூபாய் கூடுதல் விலை, கோடாரி பிடிப்பவருக்குக் கையுறை என்று பட்டியல் போடலாம். எல்லாம் பழைய காலத்துச் சரக்கு. பிளாக்செயின் மாநாட்டில் இதற்கு மேடை கிடைக்காது. ஆகவே பிளாக்செயினை யாரும் பழிக்க வேண்டாம். இத்தனை பேட்டரிகளுக்குக் கணக்கு எழுதியும் அதன் மேல் இன்றுவரை ஒரு சொட்டு ஆசிட் தெறித்ததில்லை.