காதைக் கொஞ்சம் குடுங்க அம்மணி!

வங்கி ஊழியர், பெருந்துறை: பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆடியோ புத்தகம் கேட்கிறேன். இதையெல்லாம் 'படித்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாமுங்களா?

தாராளமாக. காதால் படித்தே வளர்ந்த சீமை இது. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்து, விடிய விடிய, பல ராத்திரிகள் பாடுவார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கும். பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் அந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தார். கொங்கு நாட்டின் முதல் ஆடியோ புத்தகம் அதுதான் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன். கதைக்குப் பேர் என்னவோ அண்ணன்மார் பேர். வரப்போகிற கேட்டைக் கனவில் கண்டு சொல்கிறவள் தங்கை. அண்ணன்மார் காதில் வாங்கினால்தானே!

இல்லத்தரசி, கோபி: விடியக்காலை 5 மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஒரு நூல் சொல்கிறது. நான் இருபது வருஷமாக நாலரைக்கு எழுந்திருக்கிறேன். ஒன்றும் மாறலீங்களே?

நீங்கள் சொல்வது ராபின் சர்மாவின் 'தி 5 ஏஎம் கிளப்', 2018-இல் வந்தது. எழுந்ததும் 20 நிமிஷம் உடற்பயிற்சி, 20 நிமிஷம் சிந்தனை, 20 நிமிஷம் படிப்பு என்பது அதன் கணக்கு. உங்கள் ஊர்ப்பக்கம் மாடு வைத்திருக்கிற வீட்டில் 5 மணிக்கு எழுந்தால் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கும். பால் வண்டி வருவதற்குள் தவிடு கலக்கி, மடி கழுவி, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரம் வைத்தாக வேண்டும். உடற்பயிற்சி அதிலேயே முடிந்தது. சிந்தனை முழுக்க, மாடு எப்போது உதைக்கும் என்பதில்.

அந்த 20-20-20 கணக்கில் மாடும் இல்லை, அடுப்பும் இல்லை. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவழித்தது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களை மட்டும் எண்ணிப் பார்த்தால்! வித்தியாசம் 202 நிமிஷம். இரண்டு நாள் வித்தியாசத்தைச் சேர்த்தால் ஒரு முழு சுயமுன்னேற்ற நூலையே கேட்டு முடித்துவிடலாம். ஆகவே அலாரத்தை மாற்றாதீர்கள். கேன் தூக்குகிற ஆளை மாற்றுங்கள்.

கணவர் ஒருவர், சூரம்பட்டி: என் மனைவி எந்நேரமும் காதில் ஹெட்போன். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. என்ன செய்யலாம்?

என்ன நூல் கேட்கிறார் என்று விசாரியுங்கள். 'முடியாது என்று சொல்வது எப்படி' என்றால், நூல் நன்றாக வேலை செய்கிறது.

ஐ.டி. ஊழியர், மொடக்குறிச்சி: எல்லா நூலையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி முடிக்கிறேன். சரிதானே?

சுயமுன்னேற்ற நூலுக்கு அந்த வேகம் குறைச்சல்தான். முதலில் தோற்றுப்போன ஒருவர் கதை, அடுத்து ஒரு விதி, பிறகு அதே விதி வேறு சட்டை போட்டு, கடைசியில் 'இந்த அத்தியாயத்தில் நாம் கற்றவை'. ஒரே சேதியை நாலு தரம் சொல்கிறவரிடம் நாம் நிதானம் காட்டவேண்டியதில்லை. நாவலை மட்டும் அந்த வேகத்தில் ஓட்டாதீர்கள். ஜானகிராமன் பாத்திரங்கள் பேசுவது மளிகை லிஸ்ட் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடும்.

டியூஷன் டீச்சர், சம்பத் நகர்: ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாமா?

பன்னீர்செல்வம் பார்க் நெரிசலிலா? நேர மேலாண்மை நூல் முடிவதற்குள் நமது நேரம் முடிந்துவிடும் தாயி.

கல்லூரி மாணவி, திண்டல்: இந்த நூல்களில் எல்லாம் ஏதோ ஓர் ஆணிடம் பேசுகிற மாதிரியே இருக்கிறதே, ஏன்?

பூர்வீகம் அப்படி. ஏர்ல் நைட்டிங்கேல் என்ற அமெரிக்க வானொலிக்காரருக்கு இன்சூரன்ஸ் தொழிலும் இருந்தது. தான் ஊரில் இல்லாதபோது தன் விற்பனையாளர்கள் போட்டுக் கேட்கட்டும் என்று 1956-இல் ஒரு பேச்சைப் பதிவு செய்தார். அது இசைத்தட்டாகிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று பிடித்த தொனிதான் இன்னும் ஓடுகிறது. கேட்கிறவர் டை கட்டியவர். அவர் சட்டைக்கு யாரோ இஸ்திரி போட்டிருப்பார்கள்.

பெண்களுக்கென்று வந்ததில் பேர்போனது ஷெரில் சாண்ட்பெர்க் 2013-இல் எழுதிய 'லீன் இன்'. ஃபேஸ்புக்கில் மிகப் பெரிய பதவியில் இருந்தபோது எழுதினார். கூட்டத்தில் சுவரோரம் ஒதுங்காமல் மேஜையில் இடம்பிடியுங்கள், சம்பளத்தைப் பேசி வாங்குங்கள், வீட்டு வேலையில் கணவருக்குப் பாதி கொடுங்கள் என்பார். நல்ல யோசனைகள்தான், கேளுங்கள். ஆனால் மேஜைக்குப் பக்கத்திலேயே விடாத ஆபீஸ்களும் இருக்கின்றனவே! அங்கே தனி ஒருத்தியின் தன்னம்பிக்கை எத்தனை தூரம் போகும்?

அதற்கு ஈரோட்டிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1921 கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரோடு நின்றவர் பெரியாரின் தங்கை கண்ணம்மாள். 1925-இல் இந்த ஊரில் தொடங்கிய 'குடி அரசு' ஏட்டுக்கு அவர் பின்னாளில் பதிப்பாளரும் ஆனார். 1933-இல் அரசைத் தாக்கி வந்த தலையங்கத்துக்காக அண்ணனோடு அவரும் கைதானார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

விசைத்தறித் தொழிலாளி, வீரப்பன்சத்திரம்: தறி ஓடுகிற சத்தத்தில் எதைக் கேட்பது? முன்னேற்றமெல்லாம் ஏசி ரூமில் இருக்கிறவர்களுக்குத்தானா?

முதலில் ஒரு வேண்டுகோள். தறி ஓடும்போது காதில் பாட்டு, கதை எதையும் மாட்டாதீர்கள். தறிக்கூடத்து இரைச்சல் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கும் மேலே குரல் கேட்க வேண்டுமென்று போன் சத்தத்தை ஏற்றினால், நாளடைவில் பேத்தி கூப்பிடுவதும் கேட்காது. முதலாளியிடம் காதடைப்பான் கேளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கியூபாவில் இருக்கிறது. 1865-இல் ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு, வாசித்துக் காட்ட ஓர் ஆளை அமர்த்தினார்கள். அவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். கை இலை சுருட்டும், காது கதை கேட்கும். அடுத்து என்ன நூல் என்பதை உழைப்பாளிகளே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மறு வருஷமே காலனி அரசு தடை போட்டது. கேட்கிற தொழிலாளி கேள்வியும் கேட்பான் என்ற பயம்தான், வேறென்ன? தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. அவர்களுக்கு உயிரான டூமாவின் நாவல் பேரைத்தான் 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டுக்கு வைத்தார்கள்.

நம்மூரில் செக்கிங், பேக்கிங் பக்கம் இரைச்சல் குறைவு. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஸ்பீக்கர் போதும். சூப்பர்வைசர் முகம் சுளித்தால் பக்தி நூல் என்று தொடங்கி, மெதுவாக நாவலுக்கு நகருங்கள்.

ஜவுளி வியாபாரி, கனி மார்க்கெட்: ஆப்பைத் திறந்தால் கணக்கில்லாத நூல்கள். எதை வாங்குவதுங்க, அண்ணா?

துணியைத் தடவிப் பார்க்காமல் கொள்முதல் செய்கிற ஆளா நீங்கள்? இங்கேயும் மாதிரியை ஐந்து நிமிஷம் கேளுங்கள். 'உங்கள் உள்ளார்ந்த ஆற்றலை வெளிக்கொணரும் பயணத்துக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று குரல் வந்தால் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள், சாயம் நிற்காது. தமிழிலேயே யோசித்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எத்தனையோ வீடுகளில் முதல் சுயமுன்னேற்ற நூல். பங்குச் சந்தை புரிய வேண்டுமென்றால் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்'. மூளைக்கு வேலை வைக்க விருப்பமிருந்தால் கல்கி இருக்கவே இருக்கிறார். நாட்டுடைமை ஆகிவிட்டதால் பலர் பல குரலில் வாசித்திருக்கிறார்கள். 'கதை ஓசை' தீபிகா அருணிடமிருந்து தொடங்கலாம். பழையாறையில் உட்கார்ந்தபடி ஓலைகளை வைத்தே ராஜ்ஜியத்தை நடத்துகிற 'பொன்னியின் செல்வன்' குந்தவையிடம் இல்லாத மேலாண்மைப் பாடமா?

மருமகள், பவானி: ஜமக்காளம் நெய்த என் மாமியாருக்கு இப்போது கண் மங்கல். பொழுது போகாமல் என்னையே சுற்றிச் சுற்றி வருகிறார். அவருக்கு இது சரிப்படுமா?

அவர்தான் இதன் அசல் வாடிக்கையாளர். நீங்களும் நானும் பின்னால் வந்தவர்கள். முதல் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களை மனதில் வைத்துத்தான் பிரிட்டனில் 1935-இல் பேசும் புத்தகங்கள் தொடங்கின. முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் கொலைக்கதை! பழைய போன் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, கட்டிலோரம் ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள். தயவுசெய்து சுயமுன்னேற்றம் வேண்டாம், நல்ல துப்பறியும் நாவலாகப் போடுங்கள். இனி உங்களைச் சுற்றி வரமாட்டார். கொலைகாரன் யாரென்று தெரிகிறவரை சாப்பிடவும் வரமாட்டார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.