புகையிலை டப்பாவில் வெண்பூப்பு: ஒரு நுண்ணாய்வு

பைப்பில் அடைக்கும் புகையிலையை ஆண்டுக்கணக்கில் மூடிவைத்துப் பதப்படுத்துவோரிடையே ஒரு வழக்கு தீராமல் கிடக்கிறது. டப்பாவைத் திறக்கிறார்கள். பழுப்பு இலைமேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. அது பூசணமா, நாள்பட்டதால் இலை தானே பூத்த பூப்பா? இக்கட்டுரையின் கருதுகோள் பின்வருமாறு: பிறர் டப்பாவில் தென்படுவது பூசணம், தன் டப்பாவில் தென்படுவது பூப்பு, டப்பாவின் விலை ஏற ஏறப் பூப்பு என்ற உறுதியும் ஏறும்.

முன்னோர் ஆய்வுகளை முதலில் நோக்குவோம். துறையின் மூலவர் ஷெர்லாக் ஹோம்ஸ். ஆளே கற்பனை என்று சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது. நாம் மேற்கோள் காட்டும் அறிஞர் பலரைவிட அவரை நமக்கு நன்றாகத் தெரியும். பைப், சுருட்டு, சிகரெட் ஆகியவற்றின் சாம்பலில் 140 வகை பிரித்து, வண்ணப் படங்களோடு நூல் எழுதியவர். 1887-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே, தரையில் உதிர்ந்து கிடந்த கருஞ்சாம்பலைப் பொறுக்கிப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அடித்துச் சொன்னார். உறையூர்ப் பக்கத்துச் சரக்கை லண்டனில் சாம்பலாய்க் கண்டே இனம் கண்ட அந்த மேதை, பூசணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. காரணம், அவர் வீட்டில் அதற்கு வழியில்லை. புகையிலையை அவர் போட்டுவைத்தது ஒரு பாரசீகச் செருப்பின் நுனியில். முதல் நாள் பைப்பில் எரியாமல் மிஞ்சிய கட்டைகளைக் கணப்படுப்பு மாடத்தின் மூலையில் காயவைத்து, மறுநாள் காலை உணவுக்கு முன் அதையே அடைத்துப் பற்றவைப்பார். செருப்பில் ஈரம் தங்காது. ஈரமில்லாத இடத்தில் பூசணம் வராது. ஆகவே செருப்பே தலைசிறந்த சேமிப்புக் கலம் என்பது பெறப்படும். தொண்டை என்னவாகும் என்பது நம் ஆய்வு எல்லைக்குள் வராது.

பூசணத் தரப்பின் மூலவர் ஃபிளாரன்ஸ் நகரத்துத் தாவரவியலர் பியெர் அந்தோனியோ மிகேலி. புகையிலை டப்பாவுக்கு அழையாமல் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் குலத்துக்கு 1729-இல் பெயர் வைத்தவர் அவர்தான். வெட்டிய முலாம்பழத் துண்டில் பூசண வித்தைத் தூவி, அதே பூசணம் மறுபடி முளைப்பதைக் காட்டியவரும் அவரே. அச்சோதனையை இன்றளவும் விடாமல் செய்து வருபவர்கள் பைப் பிடிப்போர். புகையிலை காய்ந்துவிட்டதென்று டப்பாவுக்குள் ஒரு ஆப்பிள் துண்டையோ உருளைக்கிழங்குத் துண்டையோ போட்டு இறுக்கி மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். தான் பயிரிடுவது பூசணம் என்று மிகேலிக்குத் தெரிந்திருந்தது.

உண்மையில் பூசணம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஆலைகளில் புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள்; இலையின் ஈரத்தைப் பிடித்துவைத்து அதைப் பூசணத்துக்குக் கொடுக்காமல் காப்பது அவற்றின் வேலை. பூசணத்துக்குக் காற்றும் வேண்டும். இறுக மூடிய டப்பாவில் ஆக்சிஜன் அற்பம். எனவே கேடு பெரும்பாலும் திறந்த கையால் வருவதே. ஈரப்பதம் 60 முதல் 65 விழுக்காடு இருந்தால் புகையிலை பதமாக எரியும். 75-ஐத் தாண்டினால் பூசணத்துக்கு இலை போட்டாயிற்று. உங்கள் ஈரமானி சரிதானா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைக் கூழாக நனைத்து, மூடிய பெட்டிக்குள் அதையும் மானியையும் ஒரு நாள் விடுக. முள் 75-இல் நிற்க வேண்டும்.

இனி நேர்க்காட்சி. நகைப் பட்டறையில் கண்ணோடு இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று போதும். பூப்பு என்பது படிகம்; அதுவாயின் இலையோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். முனையும் பட்டையுமாக, டப்பாவைத் திருப்பத் திருப்ப மினுங்கும். பூசணமாயின் எழுந்து நிற்கும். மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னி, ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் பாலம் கட்டி, நுனியில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பொடித்திருக்கும். எவ்வளவு திருப்பினாலும் மினுங்காது. நனைந்த சாக்கு வாடை அடித்தால் தீர்ப்பு முடிந்தது, ஆனால் மூக்கை உள்ளே நுழைத்து மோந்து பார்க்க வேண்டாம். லட்டாக்கியா கலந்த சரக்கில் மூக்கின் சாட்சியம் செல்லாது. அவ்விலை விறகுப் புகையிலேயே பக்குவமானது. புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் பூசணம் என்பார் ஒரு சாரார். எல்லாப் பூசணமும் ஒளிராது, ஒளிர்வதெல்லாம் பூசணமும் அன்று. விளக்கு விற்றவருக்கு இதில் ஐயமில்லை.

அஃதேல், கொளுத்தப் போகும் பொருளில் பூசணம் இருந்தால் என்ன எனின், கனல் இருப்பது மேலே. அடியில் உள்ளது எரியாமல் கிடக்க, புகை அதன் வழியேதான் வாய்க்கு வருகிறது. அடைக்கும்போதே வித்து மூக்கில் ஏறிவிடும். புகையிலை செய்யும் கேட்டுக்குமேல் இது வேறா எனின், ஆம், இது வேறு. அது முன்பே கணக்கில் உள்ளது. மேலாக வழித்தெறிந்துவிட்டு மீதியைப் பிடிக்கலாமே எனின், ஆகாது. கண்ணில் பட்டது வித்துத் தாங்கிய பகுதி மட்டும். இழைகள் அதற்குள் அடிவரை ஓடியிருக்கும். அடுப்பில் வாட்டினால் பூசணம் சாகும். அது கக்கிய நஞ்சு இருந்தால் சாகாது. அத்தகைய நஞ்சுகளில் ஒன்றான அஃப்ளாடாக்சின் சமையல் சூட்டையெல்லாம் பொருட்படுத்துவதில்லை.

இவ்வளவும் கேட்டபின் டப்பாவின் சொந்தக்காரர் லென்ஸை வாங்கிப் பார்ப்பார். பாலத்தையும் பச்சைப் பொடியையும் பார்ப்பார். பிறகு, “இந்தப் பக்கம் கொஞ்சம் மினுங்குகிற மாதிரி இல்லை?” என்பார். கருதுகோள் நிறுவப்பட்டது.

பரிகாரம் சுருக்கமானது. புகையிலையை டப்பாவோடு பையில் கட்டி வெளியே போடுக. கண்ணாடி ஜாடியாயின் சோப்பில் கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்து, ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றுக. தக்கை மூடி தேறாது. பக்கத்தில் மூடியே இருந்த டப்பாக்களுக்கு ஒன்றும் ஆகியிராது. அவற்றைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் ஆபத்து. ஈரத்தோடு பெட்டியில் வைத்த பைப்பின் குழிக்குள்ளும் வெள்ளை படர்வதுண்டு. அதைச் சுரண்டிவிட்டு, கடும் சாராயம் தோய்த்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். எந்தச் சாராயம், துடைத்தபின் புட்டியில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பவற்றில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால், அப்பொருள் தனிக் கட்டுரைக்கு உரியது.