வல்லத்துக்கு வைத்தியம்

சங்கரன்கோவிலில் கடல் கிடையாது. அதனால்தான் வல்லத்து இன்ஜினைப் பற்றி எங்களால் நடுநிலையோடு பேச முடிகிறது.

தூத்துக்குடியில் மச்சானின் வல்லம் ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிறதாம். டீக்கடையில் உடனே கூட்டம் கூடியது. பேட்டரியை மாற்று, நாசிலைக் கழற்று, இன்ஜினையே மாற்று! "முதல்ல டீசல் ஃபில்டரைத் தொறந்து பாருங்க" என்ற பெரியவரை உட்கார வைத்தோம். ஒரு ஸ்பேனர் வேலைக்கா இத்தனை அறிஞர்கள்?

என் பங்குக்குச் சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் அனுப்பினேன். சொறி சிரங்குக்கே கேட்கிற மண், பிஸ்டனுக்குக் கேட்காதா?

மறுநாள் மச்சான் போன்: "மாப்ள, ஃபில்டர் பூரா தண்ணி! டீசல்லயே கலந்து வந்திருக்கு."

தண்ணீரா! நாலு போர் போட்டும் இங்கே புழுதிதான் வந்தது. எந்த பங்க் என்று விசாரித்துக்கொண்டு, குடங்களோடு கிளம்பிவிட்டோம்.