ஐந்தாம் வகைச் சொல்: ஆங்கிலப் பேய்ச்சொற்களுக்கு ஓர் உரை

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரித்து எச்சவியலில் வைத்தார் தொல்காப்பியர். சேனாவரையர் அதற்கு உரை கண்டார். ஐந்தாவதாக ஒன்று உண்டென்று இருவரும் சொல்லாமல் விட்டது அவர்கள் குற்றம் அன்று. அவர்கள் காலத்தில் அச்சகம் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சொல் சேர்க்கும் அகராதி அலுவலகமும் இல்லை. இவ்விரண்டும் கூடிய பிறகே அவ்வகை பிறக்க முடிந்தது. அதன் பெயர் பேய்ச்சொல். ஒருவர் வாயிலும் வழங்காமலே பொருளும் ஒலிப்பும் பெற்று அகராதியில் குடியேறிய சொல் பேய்ச்சொல் எனப்படும். இது செழித்து வளர்வது ஆங்கிலத்தில். ஆதலின் இவ்வுரைக்கு நிலமும் ஆங்கிலமே.

இல்லாத சொல்லுக்கு இலக்கணம் எதற்கு எனின், இல்லாத ஏரிக்குத் தூர் வாரிய கணக்கு இருக்கும் நாட்டில் இக்கேள்வி எழாது என்க.

பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வால்டர் ஸ்கீட். 1886-இல் லண்டன் மொழிநூல் கழகத்துக்குத் தலைமையுரை ஆற்றியபோது இவ்வகையைப் பிடித்துக் கட்டினார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று நம் பக்கம் வருவது. இந்துக்களின் கொடிய வழக்கங்கள் என்று சிலவற்றை 1808-இல் எடின்பரோ ரெவ்யூ இதழ் அடுக்கியது. சிலர் கொக்கியில் தொங்குகிறார்களாம். சிலர் கைகளில் ‘கைம்ஸ்’ ஏற்றிக்கொள்கிறார்களாம். செடல் தெரியும், அலகு தெரியும். அது என்ன கைம்ஸ்? கத்திகளைக் குறிக்கும் ‘நைவ்ஸ்’ என்ற சொல்தான் அச்சில் எழுத்துகளின் கால்கள் ஒன்றோடொன்று கலந்து அப்படி ஆகிவிட்டது. இந்தியாவைப் பற்றிய செய்தி என்பதால், கைம்ஸ் ஏதோ ஒரு பயங்கரக் கருவியாகத்தான் இருக்கும் என்று நம்புவதில் அங்கே யாருக்கும் சிரமம் இருந்திராது.

‘அபகாட்’ கதை இன்னும் மேல். பைகாக்கெட் என்ற தொப்பியின் பெயர் கைமாறிக் கைமாறித் தேய்ந்து அபகாட் ஆனது. எழுத்து தேயத் தேய மதிப்பு ஏறியது. இங்கிலாந்து மன்னர்கள் முற்காலத்தில் அணிந்த இரட்டை முடி என்று அகராதிகள் அதற்குப் பொருள் கொடுத்தன. டாக்டர் ஜான்சனின் 1755 அகராதியில் ‘ஃபூப்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அக்காலத்து அச்சில் எஸ் என்ற எழுத்து நெட்டையாக, எஃப் போலவே இருக்கும். ஃபூப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவை தற்செயற் பிறப்பு. வேண்டுமென்றே ஆக்கி அனுப்பப்படுபவையும் உண்டு. அவற்றைப் பேய் என்பதைவிட ஏவல் என்பதே பொருந்தும்.

ரூபர்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்கர் 1903-இல் ஓர் இசைக் கலைக்களஞ்சியம் வெளியிட்டார். அதன் சொற்பட்டியலில் கடைசிச் சொல் இசட், இசட், எக்ஸ், ஜே, ஓ, ஏ, என், டபிள்யூ என்ற எட்டு எழுத்துகளால் ஆனது. மாவோரி மொழிச் சொல்லாம். ‘ஷா’ என்று ஒலிக்க வேண்டுமாம். முரசு, குழல், முடிவு என்று மூன்று பொருளாம். மொழிக்கு முதலாகும் எழுத்து எது, ஈறாகும் எழுத்து எது என்று மொழிமரபில் தொல்காப்பியர் வரையறுத்த முறையில் யாராவது மாவோரியை ஒரு பார்வை பார்த்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். இசட், எக்ஸ், ஜே மூன்றும் மாவோரியில் கிடையாது. அம்மொழிச் சொல் உயிரில்தான் முடியும். கண்டுபிடிக்க 1976 ஆயிற்று.

அடுத்தது ‘எஸ்குவிவேலியன்ஸ்’. 2001-இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில், பார்த்து எழுதும் மற்ற அகராதிக்காரர்களைப் பிடிப்பதற்காக வைத்த பொறி. ஆக்கியவர் அதன் ஆசிரியர்களில் ஒருவரான கிறிஸ்டின் லிண்ட்பெர்க். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது, நழுவுதல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்திருக்கலாம் என்று வேர் கூடக் காட்டியிருந்தார்கள். 2005-இல் குட்டு உடைந்தபோது, இணைய அகராதி ஒன்றில் அச்சொல் குடியேறியிருந்தது. பொறி வேலை செய்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு. இச்சொல்லுக்கு அவர்கள் கொடுத்த பொருள், தன் அலுவல் பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழித்தல். சொல் பொய், பொருள் மெய்யோ மெய். ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் போய், நாற்காலி முதுகில் தொங்கும் துண்டை மட்டும் தரிசித்துத் திரும்பிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று ஆங்கிலத்தார் அறிவித்த பின்னும், அது குறிக்கும் ஆள் டீக்கடையில்தான் இருக்கிறார். ஆதலின் இதனை அரைப்பேய் எனக் கொள்க.

மறுதலையும் காட்டுவது உரைகாரர் கடமை. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ பைபிளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே வழங்கும் பழஞ்சொல். ஜேம்ஸ் மரே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் தொகுத்தபோது, அச்சொல்லுக்கான சீட்டுகள் எங்கோ தவறிப்போயின. முதற் பதிப்பில் சொல் இல்லை. 1933-இல் பின்னிணைப்பு வந்தபோதுதான் உள்ளே விட்டார்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வாய் அன்று, சீட்டு என்பது பெறப்படும். சீட்டுக் கிழிந்தால் உள்ள சொல்லும் இல்லை. சீட்டு இருந்தால் இல்லாத சொல்லும் உண்டு. இந்தக் கோட்பாட்டுக்கு நிறைவான சான்று ‘டோர்ட்’.

வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் ஆசிரியர் ஆஸ்டின் பேட்டர்சன் 1931 ஜூலை 31 அன்று ஒரு சீட்டு எழுதினார். அடர்த்தி என்பதைப் பெரிய டி என்றோ சிறிய டி என்றோ சுருக்கி எழுதலாம் என்பதே அதில் இருந்த செய்தி. இரண்டு டி-க்கும் நடுவில், ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ இருந்தது. சுருக்கங்களின் கட்டில் சேரவேண்டிய சீட்டு, சொற்களின் கட்டில் சேர்ந்தது. தலைச்சொல்லை எழுத்துக்கெழுத்து இடம் விட்டுத் தட்டச்சு செய்வது அவ்வலுவலக வழக்கம் ஆகையால், இடைவெளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூன்றும் ஒட்டின. பெயர்ச்சொல் என்று குறித்தார்கள், ஒலிப்பு எழுதினார்கள், இயற்பியல், வேதியியல் என்று துறை ஒதுக்கினார்கள். 1934-இல் வந்த இரண்டாம் பதிப்பின் 771-ஆம் பக்கத்தில் டோர்ட் அமர்ந்தது.

தமிழ் மரபுப்படி டகரம் மொழிக்கு முதலாகாது. ட் ஈறாகவும் ஆகாது. எனவே தொல்காப்பியர் வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அதே விதி டீயையும் நிறுத்திவிடும் என்பதால் இவ்வுரைகாரர் அதை வற்புறுத்தவில்லை.

நடுநிலையாகப் பார்த்தால் டோர்ட் ஒழுக்கமான சொல். ஒரே பொருள், எழுதியபடி ஒலிப்பு. ஆர் என்ற எழுத்தே இல்லாமல் எழுதிவிட்டுக் ‘கர்னல்’ என்று வாசிக்கச் சொல்லும் மொழியில் இது சாதாரணக் குணம் அன்று. ஆனால் 1939 பிப்ரவரி 28 அன்று ஓர் ஆசிரியர், இச்சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் விவரம் காணோமே என்று கவனித்தார். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்துவிட்டார்கள். அது முழுதாக ஒழிய 1947 ஆயிற்று. நமக்கு விடுதலை வந்த ஆண்டில் டோர்டுக்கு வெளியேற்றம். பின்னாளில் அதே அகராதியின் மூன்றாம் பதிப்பை நடத்திய பிலிப் கோவ் 1954-இல் இந்த வரலாற்றை எழுதியபோது, அடர்த்திக்கு டோர்ட் இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று வருந்தினார். அதுவே இவ்வுரைக்கும் உடன்பாடு.

சொல் போனதும் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதை அடைக்க அண்டை வீட்டு விளக்கத்தை நீட்டினார்கள். பொன்வெள்ளிக் கட்டியைச் சுத்திகரிக்கும் உலை என்று இருந்த ‘டோரே உலை’, பொன்வெள்ளிக் கட்டியானது சுத்திகரிக்கப்படும் உலை என்று செயப்பாட்டு வினைக்கு மாறியது. ஒரு பொய்ச்சொல்லை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு நொண்டி வாக்கியத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். டோர்டையே விட்டுவைத்திருக்கலாம்.